ஆளுக்கு இரண்டு சக்கரம்

காரை வாங்கியபோது அவளுக்கும் அண்ணிக்கும் ஒரு வார்த்தை முன்னே பின்னே வரவில்லை. சக்கரம் மாற்றப் போன இடத்தில்தான் வந்தது.

வீடு ஒன்று. கீழே அண்ணன் குடும்பம், மேலே அவள். மணமுறிவுக்குப் பிறகு இரண்டு பெட்டிகளோடு மாடி ஏறியவள், 'கொஞ்ச நாளைக்குத்தான்' என்று சொல்லிக்கொண்டே தலை நரைக்கத் தொடங்கும்வரை அங்கேயே இருந்துவிட்டாள். இத்தனை வருடத்தில் அந்த வீட்டில் நாத்தனார் சண்டை என்று ஒன்று நடந்ததில்லை. உறவுக்காரர்கள் இதை வாய் ஓயாமல் சொல்வார்கள், கொஞ்சம் ஏமாற்றத்தோடு. சண்டை வராமல் இருக்க ஒரு வழி வைத்திருந்தார்கள். எதுவானாலும் ஆளுக்குப் பாதி. துணி துவைக்கும் இயந்திரம் காலையில் அண்ணிக்கு, மாலையில் அவளுக்கு. மொட்டைமாடிக் கொடியின் நடுவே ஒரு சிவப்பு நூல் கட்டியிருக்கும். இந்தப் பக்கம் இவள் துணி, அந்தப் பக்கம் அண்ணியின் துணி. தர்பூசணி வாங்கினால் ஒருவர் வெட்டுவார், மற்றவர் எந்தத் துண்டு என்று சொல்வார். வெட்டுகிறவர் கத்தியை வைத்து அளக்கும் அழகைப் பார்த்தால் நகைக்கடைத் தராசுக்கே வெட்கம் வரும்.

காரின் மேல் முதலில் கண் வைத்தது அவள்தான்.

அவளுக்குக் காது பரிசோதனை நிலையத்தில் வேலை. சுவரெல்லாம் பஞ்சு பொதிந்த சின்ன அறை. வருகிறவர்களின் தலையில் ஹெட்போனை மாட்டிவிட்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து மெல்லிய ஒலிகளை ஒவ்வொன்றாக அனுப்புவாள். கேட்டால் அவர்கள் பொத்தானை அழுத்த வேண்டும். நாள் முழுவதும் அவள் காதில் விழுவது தன் மூச்சு மட்டும். ஒரு நாள் வேலை முடிந்து வரும்போது பல் மருத்துவர் ஒருவரின் கொட்டகையில் அந்தக் காரைப் பார்த்தாள். கரும்பச்சை நிறம், இரண்டே இருக்கை, தரையோடு தரையாகக் குனிந்து நிற்கும் பந்தயக் கார் சாயல். 'விற்பனைக்கு' என்று அட்டை தொங்கியது. மருத்துவர் எஞ்சினை முடுக்கிக் காட்டினார். அந்த உறுமல் அவள் விலா எலும்பு வழியாக உள்ளே போனது. ஒரு பொருளைப் பார்த்து, 'இது எனக்கு வேண்டும்' என்று வயிற்றுக்குள் ஏதோ பிடித்து இழுத்தது அவளுக்கு அதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்து சொன்னாள். அண்ணி ஒரு நிமிடம் யோசித்தார்.

"நானும் பாதி போடறேன் குட்டி."

நாற்பத்தாறு வயதிலும் அந்த வீட்டில் அவள் குட்டிதான்.

"சரிங்க அண்ணி" என்று அவள் வாய் சொன்னது. மனம் பின்னால் வந்து சேர்ந்தபோது பேச்சு முடிந்துவிட்டிருந்தது. இரவு படுக்கையில், இதில் வருத்தப்பட என்ன இருக்கிறது என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். ஒன்றும் இல்லை. ஆனாலும் வயிற்றில் இழுத்த அந்தக் கயிறு சற்றுத் தளர்ந்திருந்தது.

ஒன்றை மட்டும் அவள் பாதியாக்கவில்லை. பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களின் சங்கம் ஒன்று இருந்தது. வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் மலைச் சாலையை மற்ற வண்டிகளுக்கு மூடிவிட்டு, அவர்களை ஒருவர் பின் ஒருவராக ஏறவிடுவார்கள். அவள் யாரிடமும் கேட்காமல் தன் பெயரைக் கொடுத்தாள். அந்த வளைவுகளில் அந்தக் காரை அது ஓட வேண்டிய விதத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்குள் சக்கரங்கள் சரியாக வேண்டும்.

டயர் கடைக்காரர் பெரிய உருவம், பூனைக் குரல். குனிந்து பழைய டயரில் கட்டைவிரல் நகத்தை ஊன்றினார். தடமே விழவில்லை.

"பாக்கத்தான் புதுசு. ஓடாம நின்னே கிழடாயிடுச்சு. ஓரத்துல பாருங்க, நரம்பு நரம்பா வெடிப்பு." பிறகு மட்கார்டுக்கு அடியில் கையை விட்டு, விரலில் ஒட்டிய கரியைக் காட்டினார். "வீலும் தப்பு. அழகுக்காக யாரோ பெரிய சைஸ் மாட்டியிருக்காங்க. பள்ளத்துல இறங்கும்போதெல்லாம் உள்ளே உரசியிருக்கு. கம்பெனி சைஸுக்கே வந்துடுங்க. டயரோட பக்கச்சுவர் கொஞ்சம் உயரமா இருந்தாத்தான் குலுக்கலைத் தாங்கும்."

அதுவரை இருவரும் ஒன்றாகத் தலையாட்டினார்கள். பிறகு அவர் இரண்டு டயர்களை உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார்.

"இது மெத்து ரப்பர். ரோட்டைக் கவ்விப் பிடிக்கும். ஆனா சத்தம் வரும், சீக்கிரம் தேயும். அது நீண்ட பயணத்துக்கு. சத்தமே இருக்காது, ரொம்ப நாள் உழைக்கும். ஆனா அவசரத்துல பிடிக்காது."

அவள் கை முதல் டயருக்குப் போனது. விரலை அழுத்தியதும் ரப்பர் கொஞ்சம் உள்வாங்கி, விரலைப் பிடித்து, பிறகு விட்டது. அண்ணியின் கை இரண்டாவதுக்குப் போயிருந்தது.

"சத்தம் வராததே போதும்பா" என்றார் அண்ணி. மழலையர் பள்ளியில் ஆசிரியை. "நாள் பூரா அத்தனை வாண்டுங்க என் காதுல ஏறி உட்கார்ந்து கத்துதுங்க. கார்லயாவது நிம்மதி வேணாமா?"

"அண்ணி, இது ஸ்போர்ட்ஸ் கார். நிம்மதிக்கு பஸ் இருக்கு."

"பஸ்ஸுல நிம்மதியா? நீ பஸ்ஸுல போய் எத்தனை வருஷம் ஆச்சு?"

"எனக்குச் சத்தம் வேணும் அண்ணி. ரோடு என்ன சொல்லுதுன்னு தெரியணும்."

"ரோடு என்னடி சொல்லும்? மேடு பள்ளம்னு சொல்லும். அதை முதுகே சொல்லிடும்."

வீலிலும் அதே கதைதான். சுவரில் வரிசையாகத் தொங்கிய அலாய் வீல்களில், அவள் எடை குறைந்த, ஐந்து கம்பி வைத்த சாதாரண வீலைக் காட்டினாள். சக்கரம் எவ்வளவு இலேசோ அவ்வளவு சுறுசுறுப்பாகத் துள்ளும் என்று எங்கோ படித்திருந்தாள். அண்ணி, வலை பின்னியதுபோல் பளபளத்த ஒன்றைக் காட்டினார். "இதைப் போட்டா நின்ன இடத்துலயே ஓடற மாதிரி இருக்கும்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். குரல் சற்று உயர்ந்திருந்தது. அந்த உயரம் அவர்களுக்குப் பழக்கமில்லாதது. வழக்கமான கதவு வழக்கம்போலத் திறந்தது.

"ஆளுக்கு ரெண்டு" என்றார் அண்ணி. "முன்னாடி ரெண்டும் உனக்குப் பிடிச்சது, பின்னாடி ரெண்டும் எனக்குப் பிடிச்சது. சத்தம் பின்னாலதானே வருது."

"சரிங்க அண்ணி. ஸ்டீயரிங் முன்னாலதானே இருக்கு."

கடைக்காரர் இதைக் கேட்டு ஒரு டயரின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "மேடம், அப்படிப் போடக் கூடாது. நாலும் ஒண்ணா இருக்கணும்."

"ஏன் சார், முன்னாடி ஒரு சைஸ் பின்னாடி ஒரு சைஸ் மாட்டுற காரெல்லாம் இருக்கே?" என்றாள் அவள்.

"சைஸ் வேறயா இருக்கலாம், சுபாவம் வேறயா இருக்கக் கூடாது. எஞ்சின் சுழட்டறது பின் சக்கரத்தைத்தான். முன்னாடி கவ்வும், பின்னாடி கவ்வாது. காஞ்ச ரோட்டுல தெரியாது. ஈரத்துல திருப்பினீங்கன்னா வால் முன்னால வந்து நின்னு, எங்கே போறோம்னு உங்களைக் கேட்கும்."

வெளியாள் வாயைத் திறந்ததும் நாத்தனாரும் அண்ணியும் ஒரே கட்சியானார்கள். "நாங்க என்ன பந்தயமா ஓடப்போறோம்?" என்றார் அண்ணி. "மெதுவாத்தான் ஓட்டுவோம்" என்றாள் அவள். "வியாபாரம்னா நாலும் ஒண்ணா விக்கத்தான் பார்ப்பாங்க" என்று அண்ணி அவள் காதில் கிசுகிசுக்க, அவள் சிரிக்கக்கூடச் செய்தாள்.

ஆனால் அவளுக்குப் புரிந்திருந்தது. தினமும் அவளிடம் வருகிறவர்களுக்கு அவளே சொல்வாள்: இரண்டு காதுக்கும் மிஷின் மாட்டினால் இரண்டும் ஒத்துப்போக வேண்டும், இல்லாவிட்டால் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்றே தெரியாமல் தலை சுற்றும். இத்தனையும் தெரிந்தும், கடைக்காரரின் வாயை அடைத்ததில் அவளுக்கு ஒரு நிம்மதி இருந்தது. சண்டை தப்பிவிட்டது.

மறுநாள் அண்ணன் காரைச் சுற்றி வந்து பார்த்தார். முன்னால் ஐந்து கம்பி, பின்னால் வலைப்பின்னல்.

"நல்லாத்தான் இருக்கு. குதிரைக்கு முன்னங்கால்ல பூட்ஸ், பின்னங்கால்ல கொலுசு."

"உங்களை யாரும் கேட்கலை" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

சில நாட்கள் வெயில் காய்ந்தது. கார் நன்றாகவே ஓடியது. திருப்பத்தில் மூக்கு கத்திபோல் நுழைந்தது. பின்பக்கம் பூனைபோல் சத்தமில்லாமல் வந்தது. பாதிப் பாதி என்பது காருக்கும் பொருந்தும் போலிருக்கிறது என்று அவள் நம்பத் தொடங்கிய நேரத்தில் மழை வந்தது.

மலை ஏறும் ஞாயிற்றுக்கு முந்தைய வாரம், ஒரு காலை. அண்ணியைப் பள்ளியில் இறக்கிவிட்டு வேலைக்குப் போக வேண்டும். கிடங்குகள் இருக்கும் பக்கமாகப் போனால் சாலை அகலம், வண்டிகள் குறைவு. அங்கே ஒரு பெரிய ரவுண்டானா. அவள் வேகமாகப் போகவில்லை. இதைப் பிறகு பல தடவை மனதில் ஓட்டிப் பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டாள். வளைவில் திருப்பினாள். முன் சக்கரங்கள் கேட்டதும் திரும்பின. பின்னால் எதுவோ கையை விட்டது. முதுகுக்குக் கீழே தரை இல்லாததுபோல் ஒரு வெறுமை. கண்ணாடிக்கு வெளியே கிடங்குச் சுவர், விளக்குக் கம்பம், புல்தரை, மறுபடி கிடங்குச் சுவர் எல்லாம் வரிசையாக ஓடி வந்து போயின. கார் நின்றபோது அவர்கள் வந்த வழியைப் பார்த்தபடி நின்றிருந்தார்கள். எதன்மேலும் படவில்லை. துடைப்பான் மட்டும் ஒன்றுமே நடக்காததுபோல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தது.

அண்ணியின் கைப்பை கவிழ்ந்து, வண்ணச் சாக்குக்கட்டிகள் காலடியில் உருண்டன.

"என்ன ஆச்சு?"

"பின்னாடி வழுக்கிடுச்சு."

"அந்த ஆள் சொன்னானே, அதுவா?"

"அதுதான்."

அண்ணி அவள் பக்கம் முழுதாகத் திரும்பினார். "சொல்லும்போதே உனக்குப் புரிஞ்சுதா?"

பொய் சொல்ல இடமிருந்தது. அவள் சொல்லவில்லை. "புரிஞ்சுது."

"புரிஞ்சுமா தலையாட்டின? எனக்குத்தான் காரும் தெரியாது, கத்தரிக்காயும் தெரியாது. உனக்குத் தெரியுமில்ல?"

"நீங்க வருத்தப்படுவீங்கன்னு..."

"நான் வருத்தப்படறது மோசமா, செத்துப்போறது மோசமா? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, நானே சொல்லியிருப்பேன்!"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அண்ணிக்கு வரவில்லை. காலடியில் கிடந்த சாக்குக்கட்டிகளைக் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தார். பொறுக்கியவை மறுபடி விரல் நழுவி உருண்டன. அந்தப் பயம் அவள் தந்தது. ஒருவர் மனம் கோணக் கூடாது என்று விட்டுக்கொடுப்பதாக இத்தனை வருடம் நினைத்திருந்தது, அந்த மனிதரையே பக்கத்தில் உட்கார வைத்துச் சுழற்றியிருக்கிறது. இந்த வீட்டில் தனக்கு முழு இடம் இல்லை என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள், யாரும் சொல்லவில்லை. பாதி கேட்டால் யாரும் போகச் சொல்ல மாட்டார்கள் என்பது அவளுடைய கணக்கு. அந்தக் கணக்கைக் காரின் சக்கரம்வரை கொண்டுவந்திருக்கிறாள்.

காரைத் திருப்பினாள். பள்ளியின் திசையில் இல்லை.

"எங்கே போற? எனக்கு மணி அடிச்சிடும்."

"டயர் கடைக்கு. பள்ளிக்கூடத்துக்கு ஃபோன் பண்ணிச் சொல்லிடுங்க அண்ணி. இந்த வண்டியில உங்களை இதுக்கு மேல எங்கேயும் கூட்டிட்டுப் போக மாட்டேன்."

நடக்கிறவர்கள் முந்திப் போகும் வேகத்தில் கார் கடையை அடைந்தது. கடைக்காரர் அவர்கள் முகத்தைப் பார்த்தார், காரைப் பார்த்தார், நல்ல மனிதர், ஜாக்கியை உருட்டிக்கொண்டு வந்தார்.

"பின்னாடி ரெண்டையும் மாத்தணும்" என்றாள் அவள். "நாலும் நான் எடுக்கிறதா இருக்கணும்."

அண்ணியின் முகம் மாறியது. "சரி. நாலும் ஒண்ணா இருக்கணும்கிறது புரியுது. ஆனா அது ஏன் நீ எடுக்கிறதா இருக்கணும்? என் பங்கு என்ன ஆச்சு?"

நியாயமான கேள்வி. அவள் நாக்கு ஒரு பண்டமாற்றுக்குத் தயாரானது. மொட்டைமாடிக் கொடி முழுவதும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் அண்ணி. துணி துவைக்கும் இயந்திரம் நாள் முழுக்க உங்களுக்கே. வார்த்தை பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. அதையும் பாதியாக்குகிற வேலைதான் என்று தெரிந்து விழுங்கினாள்.

"இதுல பங்கு போட முடியாது அண்ணி. எனக்கு இந்தக் கார் வேணும். கவ்விப் பிடிச்சு ஓடற காரா வேணும், சத்தத்தோட. மலைமேல ஓட்டணும். அதுக்காகத்தான் இதைப் பார்த்ததும் ஆசைப்பட்டேன்."

சொன்ன பிறகு காது அடைத்ததுபோல் இருந்தது. கடைக்காரர் திடீரென்று காற்று நிரப்பும் குழாயில் ஏதோ கோளாறு கண்டுபிடித்து அந்தப் பக்கம் போய்விட்டார்.

அண்ணி அடுக்கி வைத்திருந்த டயர்களின் மேல் உட்கார்ந்தார். முந்தானையால் கழுத்தைத் துடைத்தார்.

"உனக்கு என்ன பிடிக்கும்னே எனக்குத் தெரியாதுடி" என்றார். "இத்தனை வருஷமா ஒரே வீட்டுல இருக்கோம். எதைக் கேட்டாலும் பாதி போதும்பே. மாடிக்குத் திரைச்சீலை தைக்கும்போதுகூட, கீழே எடுத்த துணியில பாதி போதும்னே. அந்த மஞ்சள் உனக்குப் பிடிச்சுதா இல்லையான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குச் சந்தேகம்."

அவள் தயங்கினாள். பிறகு, ஆரம்பித்ததுதான் ஆரம்பித்தாயிற்று என்று, "பிடிக்கலை அண்ணி. பார்த்தாலே மஞ்சக்காமாலை வந்த மாதிரி இருக்கும்" என்றாள்.

"பாரு! எனக்கும்தான் பிடிக்கலை. உனக்குப் பிடிக்குமேன்னுதான் அதை எடுத்தேன்!"

காற்றுக் குழாயின் பக்கமிருந்து ஒரு செருமல் கேட்டது. கடைக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க சிரிக்காதீங்க" என்று அவரை அதட்டிவிட்டு, அண்ணி எழுந்தார். "எடு. நாலும் உனக்குப் பிடிச்சதை எடு. ஆனா நான் சந்தோஷமா சம்மதிச்சேன்னு மட்டும் ஊர் பூரா சொல்லாத. எனக்குக் கோவம் போகலை."

"சரி."

"சத்தம் வந்தா நான் சும்மா இருக்க மாட்டேன்."

"இருக்க வேணாம் அண்ணி. சொல்லுங்க. ஆனா நான் மாத்த மாட்டேன்."

அண்ணி அவளை ஏற இறங்கப் பார்த்தார், புதிதாகக் குடிவந்தவளைப் பார்ப்பதுபோல.

முன்னால் இருந்ததே பின்னாலும் வந்தது: ஐந்து கம்பி வீல் நான்கு, மெத்து ரப்பர் நான்கு. ஜாக்கியில் கார் உயர்ந்தது. வலைப்பின்னல் வீல்கள் கழன்று, சுவரில் முன்பிருந்த ஆணிக்கே திரும்பின. புதிய வீலைச் சுழலவிட்டு, எடை சரியாக இருக்கிறதா என்று பார்த்து, விளிம்பில் சின்ன ஈயத்துண்டு ஒட்டினார்கள். அவள் பக்கத்திலேயே நின்று ஒவ்வொன்றையும் பார்த்தாள். காரை இறக்கியதும் கடைக்காரர், "புது ரப்பர் மேல வழவழப்பு இருக்கும். கொஞ்ச தூரம் பொறுமையா ஓட்டுங்க. மேல் தோல் தேய்ஞ்சதும் உங்க இஷ்டம்" என்றார். அண்ணியும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் முழுவதும் கீழ்வீடு அமைதியாக இருந்தது. அண்ணி பேசாமல் இல்லை. கேட்டதற்குப் பதில் வந்தது. ஆனால் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசும் பேச்சு இல்லை. முன்பானால் அவள் முதல் நாளே ஏதாவது வாங்கிக்கொண்டு படியிறங்கி, சமாதானம் செய்துவிட்டு வந்திருப்பாள். இந்தத் தடவை மாடியிலேயே இருந்தாள். ஒருவர் தன்மேல் கோபமாக இருக்க, அந்தக் கூரையின் கீழேயே தூங்கி எழுந்து, பல் தேய்த்து, வேலைக்குப் போக முடிகிறது என்பதைக் கொஞ்சம் வியப்போடு கண்டுகொண்டாள். கூரை இடிந்து விழவில்லை. வியாழக்கிழமை மஞ்சள் திரைச்சீலையைக் கழற்றி மடித்து வைத்தாள். அறைக்குள் வெளிச்சம் வேறு மாதிரி விழுந்தது.

ஞாயிறு காலை மலைச் சாலை ஈரமாக இருந்தது. இரவு தூறியிருந்தது. முதல் வளைவில் அவள் கால் தானாகவே வேகத்தைக் குறைத்தது. ரவுண்டானாவின் நினைவு காலில் இருந்தது. இரண்டாவது வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் நான்கு மூலைகளும் ஒரே நேரத்தில் தரையைப் பற்றின. மூக்கு தனியாக, வால் தனியாக இல்லை. ஒரே உடம்பாகக் கார் சாய்ந்து, வளைந்து, நிமிர்ந்தது. டயர்கள் பேசிக்கொண்டே வந்தன. கரடான இடத்தில் முனகின, ஈரத்தில் சீறின, தார் புதிதாக இருந்த இடத்தில் வாயை மூடின. அவள் எல்லாவற்றையும் கேட்டாள். மூன்றாவது வளைவிலிருந்து வேகத்தைக் குறைக்கவில்லை. உச்சியில் காரை நிறுத்தி இறங்கியபோது முகம் சிரித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற கிழட்டுச் சிவப்புக் காரின் சொந்தக்காரர், "நல்லா ஏறினீங்க" என்றார். "தெரியும்" என்றாள். வழக்கமாக அந்த இடத்தில் அவள் சொல்வது, 'ஏதோ' என்பதுதான்.

வீட்டுக்குத் திரும்பியபோது அண்ணி வாசற்கதவைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். கார் நின்றது. அவர் வந்து டயர்களைப் பார்த்தார். ஓரங்களில் ரப்பர் மணல்போலத் திரண்டிருந்தது.

"தெருமுனையில வரும்போதே கேட்டுது. சத்தம் காதைப் பிளக்குது."

"ஆமா."

"மலை எப்படி இருந்தது?"

"ரொம்ப நல்லா இருந்தது அண்ணி."

அண்ணி கையை நீட்டினார். "சாவியைக் குடு."

"எங்கே போகணும்? ஏறுங்க, நான் கூட்டிட்டுப் போறேன்."

"நீ வேண்டாம். உங்க அண்ணனும் வேண்டாம். இன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் கார் எனக்கு. முழுசா."

அண்ணிக்கு ஓட்டிப் பழக்கம் அண்ணனின் சின்னக் கார்தான். இது வேறு பிறவி. மேகம் வேறு இருட்டிக்கொண்டு வந்தது. சொல்ல ஆயிரம் இருந்தது.

"ஈரமா இருக்கு. முதல்ல கொஞ்சம்..."

"பொறுமையா ஓட்டணும், மேல் தோல் தேய்ஞ்சாச்சு, அப்புறம் என் இஷ்டம். நானும் அங்கேதானே நின்னேன்?"

அவள் சாவியை அவர் கையில் வைத்தாள். அண்ணி செருப்பை உதறி உள்ளே எறிந்துவிட்டு, வெறுங்காலோடு ஓட்டுநர் இருக்கையில் இறங்கி உட்கார்ந்தார். இருக்கையை முன்னால் இழுத்தார். கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினார். எஞ்சின் உறுமியது. எல்லாச் சத்தத்தையும் வெறுப்பவர் அதைக் கேட்டுக் காலை இன்னும் கொஞ்சம் அழுத்திப் பார்த்தார்.

கார் தெருமுனையில் திரும்பியபோது அவள் எட்டிப் பார்க்கவில்லை. மாடிக்கு ஏறிப் போய்க் குளித்தாள்.